அம்மாவின் றங்குப்பெட்டி: எரிக்கச் சொன்ன கடிதங்களை என்ன செய்வது?

கேள்வி கேட்பவர்: கொப்பிக்காரி, செங்காங்

வணக்கம். கேள்வி சின்னது, கதை நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போன தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலமானார். 84 வயது. யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சர். 1980களில் நல்லூர்ப் பக்கம் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்திய ஒரு வாசிப்பு வட்டத்தில் இருந்தார். அம்மா ஒரு வரி கவிதை எழுதியதில்லை. கணக்குத் தெரிந்தவர் என்பதால் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். மற்றவர்கள் எழுதுவார்கள். ஸ்டென்சில் வெட்டுவது, தாள் வாங்குவது, பற்றுச்சீட்டைக் கம்பியில் குத்தி வைப்பது எல்லாம் அம்மா. ரோணியோ என்ற நகலெடுக்கும் மெசினின் கைபிடியைச் சுற்றியது நான். அப்போது எனக்கு 19. விரல் இடுக்கில் மசி ஏறினால் மூன்று நாளைக்குப் போகாது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும்.

1989இல் கல்யாணமாகி நான் இங்கே சிங்கப்பூருக்கு வந்துவிட்டேன். 1995 அக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே எழுந்து நடந்தபோது அம்மா சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டியது வட்டத்தின் கடதாசிகள் இருந்த இந்த றங்குப்பெட்டியோடுதான். தையல் மெசினின் தலையைக் கழற்றிக் கட்டியிருக்கலாமே என்று பெரியம்மா சாகும்வரை சொல்லிக் காட்டினார். "கடதாசியைத் தூக்கிக்கொண்டு வந்தவள்" என்றால் எங்கள் சொந்தத்தில் அது அம்மாதான்.

பிறகு அம்மா இங்கே வந்து, பெட்டியும் வந்து, எங்கள் வீவக வீட்டு பாம் ஷெல்ட்டரில் அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில் இத்தனை வருடம் கிடந்தது. இப்போதுதான் திறந்தேன். கூட்டக் குறிப்புக் கொப்பிகள் நாலு, ரோணியோ இதழ்கள், துண்டுப்பிரசுரங்கள், படங்கள், 90களில் வந்த ஃபேக்ஸ் கொஞ்சம், அம்மா கொழும்பில் தங்கியிருந்தபோது யாரோ கொடுத்த பழைய கணினித் தட்டுகள், பிளாப்பி, ஆறு. 1990இல் அரசு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்ட பிறகு அங்கே தாளே இல்லை. பத்திரிகைகளே கோடு போட்ட பள்ளிக்கூடத் தாளில் வந்த காலம் அது. இவர்களும் கொப்பித் தாளில், ஏதோ படிவத்தின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எழுதியது என்று சொல்லாமலே தெரிகிறது. மேல் ஓரத்தில் கரி படிந்து, யாரோ விரலால் இழுத்துத் துடைத்த தடம் அப்படியே இருக்கிறது.

ஒரு கணக்குக் கொப்பியில் 1987ஆம் வருடப் பக்கம்: செலவு, தாள் 2 றீம், மசி 1 ரியூப், தேத்தண்ணி 9 பேருக்கு. எதிரே வரவு: "ஒரு சோடிக் காப்பு, அடகு." யாருடைய காப்பு என்று இல்லை. அம்மாவின் காப்பாக இருக்கலாம். கடைசி வரை வெறுங்கையோடுதான் இருந்தார்.

இதற்குள் நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். ஒரு கொப்பியின் தையல் விட்டுப்போயிருந்தது. ஒரு கடையில் கொடுத்து பைண்டு செய்யச் சொன்னேன். அவர்கள் ஓரங்களை அளவாக வெட்டி, பளபளவென்று நீல அட்டை போட்டுக் கொடுத்தார்கள். அம்மா சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பு எல்லாம் வெட்டிய துண்டோடு போய்விட்டது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நீட்டாக வேண்டும் என்று கேட்டவள் நான். அன்று இரவு தூக்கமில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்த ஊர் ஈரத்தில் இவற்றை எப்படி வைத்திருப்பது? யாரிடம் கொடுப்பது? அதைவிடப் பெரிய கேள்வி: தனியாக ஒரு ரிப்பன் கட்டில் 11 கடிதங்கள் இருக்கின்றன. 1990க்கும் 92க்கும் இடையில் வட்டத்தில் இருந்த ஒருவர் கொழும்பிலிருந்து அம்மாவுக்குக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்பியவை. கையெழுத்துக்குப் பதில் புனைபெயர். யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், யார் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள், யார் யாருக்குப் பயந்தார்கள் என்று எல்லாம் இருக்கிறது. நடுவில் மூன்று கவிதைகள். முதல் கடிதத்தின் மேலே: "வாசிச்சவுடனே எரிச்சுப்போடுங்கோ ரீச்சர்."

அம்மா எரிக்கவில்லை. மகன், "ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டுவிடுங்கள், முடிந்தது" என்கிறான். எனக்குக் கை வரவில்லை.

பதில் 1: பழுப்புத்தாள், அங் மோ கியோ

அம்மாவுக்கு என் அஞ்சலி. நான் நூலக வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். சிங்கப்பூரின் 50 ஆண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கி 2015இல் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார்களே, அதில் மெய்ப்புப் பார்த்த தொண்டூழியர்களில் நானும் ஒருவன். கடிதங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் தாளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் கையை எடுங்கள் அக்கா. இன்னும் எதையும் அடுக்காதீர்கள். பெட்டி இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே மேலிருந்து படம் எடுங்கள், ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும்போது இன்னொன்று. எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் உங்கள் அம்மா விட்டுப்போன தகவல்தான். கடிதக் கட்டுக்குள் ஒரு பேருந்து டிக்கெட் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். தேதி வாரியாக அடுக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். கணக்கு ரீச்சர் மகள் வேறு.

ஃபேக்ஸ்தான் அவசரம். அது வெப்பத்தில் எழுத்து வரும் தாள், வருடாவருடம் மங்கிக்கொண்டே போகும். இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். படங்கள் பழைய பிளாஸ்டிக் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள்.

துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் இருக்கும். பல்லால், நகத்தால் பிடுங்கினால் தாளில் ஓட்டைதான் மிஞ்சும். பின்பக்கத்துக் கால்களை ஒரு தட்டையான கத்தியால் மெதுவாக நிமிர்த்தி, பிறகு முன்பக்கம் எடுக்க வேண்டும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். லேமினேட் பற்றி யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். கிழிந்ததை ஒட்டாமல் அமிலமில்லாத தாளுக்குள் மடித்து வைத்தால் போதும். உறையின் மேல் பென்சிலால் மட்டும் எழுதுங்கள், அதுவும் தாளை உள்ளே வைப்பதற்கு முன்னால்.

ஈரம். இங்கே காற்றில் ஈரப்பதம் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். தாளுக்கு 45 முதல் 55 வரை இருந்தால் நல்லது. பாம் ஷெல்ட்டரில் காற்று ஓடாது, அந்தக் கனத்த கதவை எப்போதும் சாத்தியே வைப்பீர்கள். காமிராக்காரர்கள் வாங்கும் டிரை கேபினெட் ஒன்று வாங்கி 50இல் வைத்துவிடுங்கள். பணம் வீண் என்று நினைக்காதீர்கள். படுக்கையறையில் ராத்திரி மட்டும் ஏர்கான் போட்டுப் பகலில் அணைக்கிறோமே, அந்த ஏற்ற இறக்கம் இன்னும் மோசம்.

பூச்சி இருக்கிறதா பாருங்கள். ராமபாணம் என்றால் வெள்ளியாக மின்னிக்கொண்டு ஓடும். இருந்தால் தாள்களை ஜிப் பையில் காற்றில்லாமல் கட்டி இரண்டு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், முழு நாள் அப்படியே விடுங்கள். இல்லாவிட்டால் வியர்த்துவிடும். புகைப்படங்களை இப்படிச் செய்யாதீர்கள். என் வீட்டில் இதைச் செய்தபோது நெத்திலிக்கு இடமில்லை என்று மனைவி இரண்டு வாரம் பேசவில்லை.

ஸ்கேன் என்றால் குறைந்தது 400 டிபிஐ, வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீங்கள் சொன்ன அந்தக் கரித் தடம் வெறும் அழுக்காகத் தெரியும். மூலத்தை டிஃப் கோப்பாக வையுங்கள், அனுப்புவதற்கு மட்டும் பிடிஎஃப். வெட்டுப்பட்ட கொப்பியை நினைத்து மனம் வருந்தாதீர்கள். நினைவிருக்கும் ஓரக் குறிப்புகளைத் தனித்தாளில் எழுதி, "மகள் நினைவிலிருந்து" என்று தேதி போட்டுக் கூடவே வையுங்கள்.

பதில் 2: புதுக்கோட்டைக்காரன், பொங்கோல்

அக்கா, நான் கணினிக்காரன். அந்த ஆறு பிளாப்பிதான் என் கண்ணில் பட்டது. 90களில் இலங்கைத் தமிழர்கள் தட்டச்சு செய்தது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். இப்போதைய கணினியில் திறந்தால் தமிழே வராது, ஏதோ ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து குப்பை மாதிரி தெரியும். பழுதாகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், யுனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. பிளாப்பியைத் திறந்ததும் முதல் வேலையாக முழுவதையும் நகல் எடுங்கள், அப்புறம் வாசிக்கலாம். இரண்டாவது தடவை திறக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கடித விஷயத்தில் நான் உங்கள் மகன் கட்சி. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது 97,000 புத்தகமும் சுவடியும் போனது. வேறெங்கும் பிரதி இல்லாதவை அதில் எத்தனை! ஒரே இடத்தில் ஒரே பிரதி என்று வைத்தால் அதுதான் நடக்கும். உங்கள் வீட்டில் தீ வேண்டாம், மேல் வீட்டுக் குழாய் ஒழுகினால் போதும். போட்டுவிடுங்கள் அக்கா. வரலாறு ஒரு குடும்பத்துச் சொத்து இல்லை.

பதில் 3: வண்ணைப் பேத்தி, கிளமெண்டி

புதுக்கோட்டைக்காரன் அண்ணே, பிரதி எடுத்து வைப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு. முதலாவதை இன்றைக்கே செய்யலாம், நானும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவதற்கு ஒருவரிடம் கேட்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்துப் பெண்களின் எழுத்தைப் பற்றித்தான் ஆய்வு செய்கிறேன். எங்களுக்குக் கிடைக்கும் வரலாறு ஓட்டை ஓட்டையாக இருக்கும். 1914இல் மங்களநாயகம் தம்பையா ஒரு நாவல் எழுதுகிறார். 1923இல் மங்களம்மாள் மாசிலாமணி "தமிழ் மகள்" என்று பெண்களுக்காக ஒரு இதழ் தொடங்குகிறார். 1984இல் படையினர் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதற்காக அன்னையர் முன்னணி என்று தாய்மார் கச்சேரி (அரச செயலகம்) வரை ஊர்வலம் போகிறார்கள். 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் "சொல்லாத சேதிகள்" என்ற தொகுப்பைப் போடுகிறது. சங்கரி, சிவரமணி, ஔவை, ஊர்வசி என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. இப்படித் தலைகள் தெரிகின்றன. நடுவில் என்ன நடந்தது, தாளுக்கு யார் காசு கொடுத்தார், தேத்தண்ணி யார் போட்டார், யார் வீட்டில் கூடினார்கள் என்பது தெரியாது. அன்ரி, உங்கள் அம்மாவின் கணக்குக் கொப்பியில் இருப்பது அதுதான். கவிதை அச்சில் எங்காவது தப்பியிருக்கும். அடகு வைத்த காப்புக்கு இந்த ஒரு வரியை விட்டால் வேறு சாட்சி இல்லை. என்னைக் கேட்டால் பெட்டியிலேயே விலைமதிப்பானது அந்தப் பக்கம்தான். ஆளாளுக்குக் கருத்து வேறுபடலாம்.

இப்போது கடிதங்கள். 1989 செப்டம்பர் 21 அன்று மருத்துவ பீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிய விரிவுரையாளர், மனித உரிமைக்காகக் குரல் கொடுத்த ராஜினி திராணகமவைச் சுட்டுக் கொன்றார்கள். 1991 ஆகஸ்டில் கவிஞர் செல்வியைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். "தோழி" இதழை நடத்தியவர், பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்தவர். திரும்பி வரவே இல்லை. இந்தக் கடிதங்கள் அதே காலத்தவை. புனைபெயர் அப்போது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. அதில் வரும் மற்றப் பெயர்களுக்கும் அண்ணன் தம்பி, பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்றைக்கும் அதே ஒழுங்கையில் எதிரெதிர் வீட்டில் இருக்கலாம்.

சிவரமணியை நினைத்துப் பாருங்கள். 1991 மே மாதம் தன் கையிலிருந்த கவிதைகளை எரித்துவிட்டுத்தான் இறந்தார். தோழிகளிடமும் இதழ்களிலும் இருந்ததைத் திரட்டி 1993இல் புத்தகமாகப் போட்டார்கள். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் நான் இந்தத் துறைக்கே வந்திருக்க மாட்டேன். ஆனாலும் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும், இவர் இது இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்று ஒரு உறுத்தல். அவரிடம் கேட்க வழி இல்லை. உங்கள் கடிதக்காரரிடம் கேட்க வழி இருக்கலாம். இருக்கும்போது கேட்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டமும் அப்படித்தான். தாள் உங்கள் அம்மாவுக்குச் சொந்தம், அதனால் இப்போது உங்களுக்கு. எழுதிய சொல்லின் பதிப்புரிமை எழுதியவருக்கே.

எங்கே கொடுப்பது என்றால், 2005இலிருந்து இயங்கும் நூலகம் திட்டத்தைக் கேளுங்கள். இலங்கைத் தமிழ் நூல், இதழ், பிரசுரம் எல்லாம் அங்கே மின்வடிவில் இருக்கின்றன. ஒலி, படம், கையெழுத்துப் பிரதிகளுக்கு ஆவணகம் என்று தனித் தளமும் வைத்திருக்கிறார்கள். ரோணியோ இதழ்களையும் பிரசுரங்களையும் முதலில் அனுப்பலாம். மூலத்தாள் எங்கே இருப்பது என்பது இரண்டாவது பேச்சு. யாழ்ப்பாணத்துப் பெட்டி யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது என் ஆசை.

பதில் 4: புதுக்கோட்டைக்காரன், பொங்கோல்

சரி, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். அவர் கிடைத்து, "எரித்துவிடு" என்றால்? எரிப்பீர்களா?

பதில் 5: வண்ணைப் பேத்தி, கிளமெண்டி

அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. எரிக்கிற இடத்தில் நான் நிற்க மாட்டேன் என்று மட்டும் தெரியும்.

பதில் 6: பழுப்புத்தாள், அங் மோ கியோ

முடிவு எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள் அக்கா. "இத்தனை வருடத்துக்குத் திறக்கக் கூடாது", "நான் இருக்கும்வரை யாருக்கும் காட்டக் கூடாது" என்று நிபந்தனை போட்டுக் கொடுப்பது ஆவணக் காப்பகங்களில் வழக்கமான விஷயம். எரிப்பதற்கும் காட்டுவதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அந்தத் தாளையும் கட்டோடு வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருபவருக்கு இந்தக் கதை தெரியாது.

பதில் 7: கொப்பிக்காரி, செங்காங்

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஃபேக்ஸ்களை அன்றைக்கே எடுத்தேன். இரண்டு ஏற்கெனவே வெறும் தாள். டிரை கேபினெட் வாங்கிவிட்டேன், மகன் கேமராவை வைக்க இடம் கேட்கிறான், கொடுக்கவில்லை. பூச்சி இல்லை. ஓரக் குறிப்புகளில் ஏழு நினைவுக்கு வந்தது, எழுதி வைத்தேன். ஒன்று "சீனி விலை கூடிப்போச்சு" என்பது. மற்றதெல்லாம் மறந்து இது மட்டும் ஏன் நினைவில் நிற்கிறதோ.

கடிதக்காரரைத் தேடினேன். இணையத்தில் அல்ல. செண்பக விநாயகர் கோயிலில் அம்மாவோடு படித்த ஒரு மாமியைப் பிடித்து, அவர் லண்டனில் ஒரு மச்சாளைப் பிடித்து, அவர் கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு நம்பர் கொடுத்தார். மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தார். நான் ரீச்சரின் மகள் என்றதும், "ரோணியோ சுத்தின பிள்ளையோ?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அம்மா எரிக்கவில்லை என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ரீச்சர் ஒரு பஸ் ரிக்கெற்றையும் எறியமாட்டா, எனக்குத் தெரியும்தானே" என்றார். பிள்ளைகளுக்கு அவர் எழுதியது தெரியாதாம். தமிழ் வாசிக்கவும் தெரியாதாம். அவர் கேட்டபடி 11 கடிதங்களின் படத்தையும் அவருக்கு மட்டும் அனுப்பினேன். எட்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். ஒன்பதை வைத்துக்கொள்ளலாம், தான் இருக்கும்வரை மூடி வைக்க வேண்டும், அதன் பிறகும் அதில் வரும் மற்றவர்களின் பெயர்களை மறைத்துத்தான் காட்ட வேண்டும். நாலாவதையும் ஒன்பதாவதையும் திருப்பி அனுப்பச் சொன்னார், நான் எடுத்த படங்களையும் அழிக்கச் சொன்னார். அழித்துவிட்டேன். அந்த இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் நிலையத்தில் உறையைக் கொடுக்கக் கை கொஞ்சம் தயங்கியது. புதுக்கோட்டைத் தம்பி, நீங்கள் திட்டினாலும் பரவாயில்லை.

மூன்று கவிதைகளுக்கும் தடையில்லை, ஆனால் புனைபெயரில் மட்டும். இரண்டாவது கவிதையின் கடைசி வரி தனக்கு இப்போது பிடிக்கவில்லை, மாற்றலாமா என்று கேட்டார். பழுப்புத்தாள் ஐயாவின் பாணியில், பழையதையும் புதியதையும் தேதி போட்டு இரண்டு தாளாக வைக்கலாம் என்று சொன்னேன். சிரித்தார்.

காப்பைப் பற்றியும் கேட்டேன். அம்மாவுடையது இல்லையாம், அவருடையதாம். அடுத்த வருடம் அம்மா சீட்டுப் பிடித்து மீட்டுக் கொடுத்தாராம், அதையும் எங்கோ எழுதியிருப்பார் பாருங்கோ என்றார். தேடினேன். 1988, ஆவணி, 14ஆம் பக்கம். இருக்கிறது.

இனிப் பிளாப்பி மட்டும் பாக்கி. வாசிக்கிற டிரைவ் எங்கும் கிடைக்கவில்லை. யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கள், எந்த எம்ஆர்டி வாசலுக்கும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

பதில் 8: புதுக்கோட்டைக்காரன், பொங்கோல்

திட்டவில்லை அக்கா. டிரைவ் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணி, பொங்கோல் எம்ஆர்டி. பிளாப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். காந்தம் வைத்த கைப்பை மட்டும் வேண்டாம்.